‘பெனா’வும் ‘பா கோனே’யும்

மொரீஷியஸின் காத்ர்போர்ன் நகரில் ஒரு சிறிய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை 26 பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். வார நாள்களில் எபேன் சைபர் சிட்டியில் வேறொருவருக்காக எழுதும் நிரல்களுக்குச் சம்பளம் உண்டு. சனிக்கிழமை வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு வந்துவிடும். வகுப்பில் இரண்டு மணி நேரம்தான் என்பதால், மற்ற நாள்களில் பிள்ளைகள் இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்தும் ஒரு தளத்தில் பயிற்சி செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு பொதுச் சுயவிவரப் பக்கம் உண்டு. அதில் பயனர்பெயர், புள்ளிகள், முடித்த பாடங்கள், கடைசியாகப் பயிற்சி செய்த நாள் ஆகியவை இருக்கும். உள்நுழையாமலே யாரும் அதைப் பார்க்கலாம்.

முதல் நான்கு மாதங்கள் நான் செய்தது வெறும் எழுத்தர் வேலை. வெள்ளிக்கிழமை இரவு 26 பக்கங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, எண்களைப் பார்த்து, ஒரு அட்டவணையில் தட்டச்சு செய்வேன். பதினைந்தாவது பக்கத்துக்கு மேல் கண் ஒரு வரிசை தவறும். ஒருவரின் புள்ளி இன்னொருவர் பெயருக்கு எதிரே போய் உட்காரும். இந்தத் தொல்லையிலிருந்து விடுபடத்தான் ஒரு சின்ன ஏபிஐ, அதாவது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தரவு கேட்டுப் பெறும் வாசல், எழுதினேன். பயனர்பெயரைக் கொடுத்தால் அந்தப் பொதுப் பக்கத்தில் உள்ளவற்றில் எனக்குத் தேவையானதை மட்டும் ஜேசன் (JSON) என்ற, பெயரும் மதிப்புமாக எழுதும் தரவு வடிவில் திருப்பித் தரும். அதைத் தவிர வேறெதுவும் செய்யாது. பைத்தான் மொழியில் ஃபிளாஸ்க் என்ற கருவித்தொகுப்பைக் கொண்டு எழுதியது, தரவை வைத்துக்கொள்ள எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் ஒரே ஒரு கோப்பு. மொத்த நிரலும் இருநூறு வரிக்குள் அடங்கிவிட்டது.

இப்படிப்பட்ட வேலைக்கு எல்லாத் தளங்களும் ஒரே மாதிரி இடம் கொடுப்பதில்லை. ட்ரீஹவுஸ் தளத்தில் ஒருவருடைய சுயவிவர முகவரியின் கடைசியில் ஒரு புள்ளியும் ‘ஜேசன்’ என்ற சொல்லும் சேர்த்தால், அவருடைய பேட்ஜுகளும் பாடவாரியான புள்ளிகளும் அப்படியே தரவாக வந்தன. நிரலாக்கம் கற்பவர்கள் பலர் வெளித் தரவை எடுத்துப் பழகியதே அதை வைத்துத்தான். ஃபிரீகோட்கேம்ப் தளம், தன் சுயவிவரத்தில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதைப் பயனரே முடிவு செய்ய விடுகிறது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் ஏபிஐக்கு முறையான ஆவணம் எழுதி, உள்நுழையாமல் கேட்பவருக்கு மணிக்கு 60 கோரிக்கை, அடையாளத்தோடு கேட்பவருக்கு 5,000 என்று வரம்பையும் சொல்லி வைத்திருக்கிறது. மறுபக்கம், கான் அகாடமி தன் பொது ஏபிஐயை 2020இல் மூடிவிட்டது. அதை நம்பிக் கருவிகள் எழுதிய ஆசிரியர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பிறர் வீட்டுக் கிணற்றில் நீர் இறைப்பவன் கிணற்றுக்காரரின் மனத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் படிக்கும் தளத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பின்னால் சொல்லப்போகும் குழப்பத்தில் அதற்குச் சிறு பங்கு உண்டு, பெரும் பங்கு எனக்கு.

நம் தீவின் இருப்பிடத்தை மறந்துவிட்டு இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. ஒளியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கும் ஒரு சர்வர் இங்கிருந்து நேர்க்கோட்டிலேயே 15,000 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, போய்வர 30,000. ஆகவே எவ்வளவு நல்ல இணைப்பு வாங்கினாலும் ஒரு போய்வருகைக்கு 0.15 நொடிக்குக் குறையாது, கேபிள் நேர்க்கோட்டில் போவதும் இல்லை. என் வீட்டிலிருந்து அளந்தபோது 0.3 நொடி வந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்புத் திறந்தால், இணைப்புக்கு ஒரு போய்வருகை, பாதுகாப்புக் கைகுலுக்கலுக்கு இன்னொன்று, அதன்பின்தான் உண்மையான கேள்விக்கு மூன்றாவது. 26 பேருக்கு இப்படிக் கேட்டால் 23 நொடிகளுக்கு மேல் ஆகிறது. ஒரே இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால் எட்டரை நொடியில் முடிகிறது. இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சற்று மிகையானதுதான், ஏனெனில் இரண்டே வாரத்தில் வேகமே எனக்கு வினையாகிவிட்டது.

நடந்தது இதுதான். பிள்ளைகளின் பட்டியல் குடும்பப் பெயரின் அகரவரிசையில், ஆங்கில எழுத்துகளின்படி இருந்தது. என் நிரல் ஒரு வியாழக்கிழமை இரவு அந்த வரிசைப்படி இடைவெளியே விடாமல் கேட்டுக்கொண்டே போனது. பதினேழாவது பெயர் வரைக்கும் தளம் பொறுத்துக்கொண்டது. பதினெட்டாவதிலிருந்து ‘429’ என்ற நிலைக்குறியீட்டோடு, ‘அளவுக்கு மிஞ்சிக் கேட்கிறாய், சற்றுப் பொறு’ என்று பொருள்படும் ஒரு குட்டிச் செய்தியை அனுப்பத் தொடங்கியது. அந்தச் செய்தியும் ஜேசன்தான். அதில் புள்ளி என்ற புலம், அதாவது அந்தப் பெயருள்ள இடம், இல்லை, அவ்வளவே. என் நிரலோ நிலைக்குறியீட்டைப் பார்க்கவே இல்லை. பைத்தானில் ‘இந்தப் புலத்தை எடு, அது இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொள்’ என்பதை ஒரே வரியில் எழுதிவிடலாம், நானும் எழுதியிருந்தேன். பார்ப்பதற்கு அவ்வளவு அடக்கமான, யாரையும் புண்படுத்தாத வரி அது.

வெள்ளிக்கிழமை காலை அந்த அட்டவணை பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. பட்டியலின் கடைசி ஒன்பது பேருக்கும் பூஜ்ஜியம். மாலை ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. மகன் தினமும் இரவு ஒன்பது மணி வரை பயிற்சி செய்வதாகச் சொல்லிக் கைபேசியை வைத்திருந்தானாம். இப்போது உண்மை வெளிவந்துவிட்டதாம். கைபேசியைப் பூட்டி வைத்துவிட்டாராம். நான் அப்போதே அவனுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 1,340 புள்ளிகள். முந்தின இரவுகூடப் பயிற்சி செய்திருந்தான். தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன், சனிக்கிழமை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவனிடமும் கேட்டேன். அவன் தலையை ஆட்டினானே தவிர ஒன்றும் சொல்லவில்லை. பதினான்கு வயதில் பொய்யன் என்ற பெயரோடு ஒரு இரவைக் கழிப்பது சின்ன விஷயமன்று.

இன்றைய மொரீஷியஸ் தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டு மொழி பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல்தான். பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள், கோவிலில் தேவாரம் பாடுகிறார்கள், ஆனால் சண்டையும் சிரிப்பும் கிரியோலில். ஆகவே நடந்ததை விளக்க அந்த மொழியையே எடுத்துக்கொண்டேன். கடையில் போய் ரொட்டி இருக்கிறதா என்று கேட்டால், கடைக்காரர் அலமாரியைப் பார்த்துவிட்டு ‘பெனா’ என்று சொன்னால் ரொட்டி இல்லை என்று பொருள். கடையே சாத்தியிருந்து, வாசலில் நிற்கும் யாரோ ஒருவரிடம் கேட்டால் அவர் சொல்ல வேண்டியது ‘பா கோனே’, தெரியாது. என் நிரல் சாத்திய கடையின் முன்னால் நின்றுகொண்டு ஒன்பது முறை ‘பெனா’ என்று சொல்லியிருக்கிறது. தமிழிலும் ‘இல்லை’ வேறு, ‘தெரியவில்லை’ வேறு. சின்னக் குழந்தைகூட இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. கணினி நிரல் எழுதுபவர்கள்தான் தினமும் குழப்பிக்கொள்கிறோம்.

ஜேசனில் இதற்கென்றே ஒரு மதிப்பு இருக்கிறது. பூஜ்ஜியம் அன்று, எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் அன்று, ‘நல்’ (null). தமிழில் எழுதினால் ‘நல்லது’ என்பதன் முற்பாதி போலத் தெரிவது எனக்கு ஒவ்வொரு முறையும் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் ‘நல்’ மட்டும் போதாது என்பது இரண்டாவது முறை எழுதும்போது புரிந்தது. மதிப்பு ஏன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனவே ஒவ்வொரு பதிலிலும் ‘நிலை’ என்று ஒரு புலம் சேர்த்தேன். அது மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: உண்டு, பொதுவில் இல்லை, தெரியவில்லை. ‘உண்டு’ என்று இருந்தால் மட்டுமே புள்ளிகளுக்கு எண் வரும். அப்போது பூஜ்ஜியம் வந்தால் அது பக்கத்தில் கண்ணால் பார்த்த பூஜ்ஜியம்.

‘பொதுவில் இல்லை’ என்ற இரண்டாவது நிலையில்தான் நான் அதிக நேரம் தயங்கினேன். பயனர்பெயரைத் தப்பாக எழுதியிருந்தாலும் பக்கம் கிடைக்காது. ஒரு பிள்ளை தன் பக்கத்தை மறைத்து வைத்திருந்தாலும் கிடைக்காது. இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் நேர்மை என்று முதலில் நினைத்தேன். ஆனால் ‘இவர் இருக்கிறார், மறைத்து வைத்திருக்கிறார்’ என்று சொல்வதே அவர் மறைக்க நினைத்ததில் பாதியைச் சொல்லிவிடுகிறது. கிட்ஹப்பில் உங்களுக்கு அனுமதி இல்லாத, பிறருக்கு மூடிய நிரல் களஞ்சியத்தைக் கேட்டால் ‘அனுமதி மறுப்பு’ என்பதற்கான 403 வராது, ‘அப்படியொன்று இல்லை’ என்பதற்கான 404 வரும். இருப்பதைக்கூட உறுதிப்படுத்தக் கூடாது என்பதுதான் காரணம். அந்த வழியில் நானும் ‘பொதுவில் இல்லை’ என்று ஒரே பதிலை வைத்தேன். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி தன் பக்கத்தை மறைத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் கணக்கை அவளே ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருகிறாள், அது என் அட்டவணையைவிடத் தெளிவாக இருக்கிறது.

பொதுவில் இருப்பதை எடுப்பதில் என்ன தவறு என்று அலுவலகத்தில் ஒரு நண்பர் கேட்டார். இருபத்தாறு பக்கங்கள் இருபத்தாறு இடங்களில் கிடப்பதும், ஒரே முகவரியில் வரிசையாக அடுக்கி வைக்கப்படுவதும் ஒன்றன்று என்பது என் எண்ணம். தளத்தின் பக்கத்தில் பிள்ளைகள் சிலர் படம் வைத்திருக்கிறார்கள், ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறார்கள். அவற்றோடு ‘சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு இந்த மண்டபத்தில்’ என்ற தகவலும் சேர்ந்தால், முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு குழந்தையைக் கண்டுபிடிக்க வேறெதுவும் தேவையில்லை. எனவே என் ஏபிஐ படத்தையும் ஊரையும் சுயக்குறிப்பையும் எடுப்பதே இல்லை. எடுத்துவிட்டு மறைப்பதற்கும் எடுக்காமலே இருப்பதற்கும் வேறுபாடு பெரிது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தனிப்பட்ட தரவைக் கையாளப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரே பக்கத்தில் ஒப்புதல் படிவம் அச்சடித்துக் கொடுத்தேன்; எதை எடுக்கிறோம், எத்தனை நாள் வைத்திருக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று மூன்று வரி. ஒப்பமிட்டு வந்தவர்களின் பெயரை மட்டும் பட்டியலில் வைத்திருக்கிறேன், ஏபிஐயைக் கூப்பிட ஒரு சாவியும் வேண்டும். எந்தத் தளத்துப் பக்கங்கள் தரவைப் படிக்கலாம் என்று உலாவிக்குச் சொல்லும் ‘கோர்ஸ்’ கட்டுப்பாட்டை வைத்துவிட்டால் வெளியார் யாரும் தரவை எடுக்க முடியாது என்று நம்புபவர்கள் உண்டு. அது உலாவிக்குள் ஓடும் நிரல்களுக்கு மட்டுமே வேலி. உலாவி இல்லாமல், கட்டளை தட்டும் முனையத்திலிருந்து நேராகக் கேட்பவருக்கு அப்படியொரு வேலி இருப்பதே தெரியாது.

பட்டியலில் ஆளை அடையாளம் காணப் பயனர்பெயரை மட்டும் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் முன்னோர் இந்தத் தீவில் வந்திறங்கியபோது குடும்பப் பெயர்களைத் துறைமுகத்தில் எழுதிக்கொண்ட எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி எழுதினார்கள். வீரப்பன் ‘வீராப்பென்’ ஆனார், முத்து ஒரு வீட்டில் ‘முத்தூ’வும் அடுத்த வீட்டில் ‘மூட்டூ’வும் ஆனார். அண்ணன் ஒரு எழுத்தமைப்பிலும் தம்பி இன்னொன்றிலும் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் குடும்பத்தை எனக்கே தெரியும். இதில் பெயரை வைத்துத் தேடுவது நடக்கிற காரியமன்று.

மறுபடி எழுதும்போது வேகத்தையும் விட்டுவிட்டேன். இப்போது இரவு இரண்டு மணிக்குத் தொடங்கி, இரண்டு கோரிக்கைகளுக்கு இடையே ஐந்து நொடி விட்டுக் கேட்கிறது. எல்லாம் முடிய இரண்டேகால் நிமிடம். தளம் ‘பொறு’ என்று சொல்லி எத்தனை நொடி என்றும் குறிப்பிட்டால் அதற்கு ஒத்துப்போகிறது, குறிப்பிடாவிட்டால் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று காத்திருக்கிறது, அதற்கு மேல் அன்றைக்கு விட்டுவிடுகிறது. கோரிக்கையின் தலைப்பகுதியில் யார் கேட்கிறார்கள், எதற்காக, தொடர்பு முகவரி என்ன என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தளத்தின் ‘ரோபோட்ஸ்’ கோப்பையும் படித்தேன். தானியங்கி நிரல்கள் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று தளங்கள் எழுதி வைக்கும் அந்த வழக்கம் 1994இல் தொடங்கியது. 2022இல்தான் முறையான இணையத் தரநிலையாக வெளிவந்தது. அது பூட்டு அன்று, வாசலில் எழுதி வைத்த வேண்டுகோள். சுயவிவரப் பக்கங்களை அது தடுக்கவில்லை. நாங்கள் பார்ப்பதெல்லாம் இரவில் சேமித்த பிரதியைத்தான். பெற்றோர் எத்தனை முறை திறந்தாலும் அந்தத் தளத்துக்கு அதனால் ஒரு கோரிக்கைகூடப் போகாது.

நாள் கணக்கில் வந்த தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை வகுப்பில் என் கண்முன் செய்த பயிற்சிகள் வெள்ளிக்கிழமைக் கணக்கில் பதிவாகிக்கொண்டிருந்தன. தளம் தேதியை மட்டும் தருகிறது, எந்த ஊர்த் தேதி என்று சொல்வதில்லை. நமக்குச் சனிக்கிழமை காலை ஒன்பது என்றால் உலகப் பொது நேரம் காலை ஐந்து, அமெரிக்க மேற்குக் கரையில் வெள்ளி இரவு ஒன்பது. அங்கே கோடைகால நேரம் நடக்கும் மாதங்களில் இரவு பத்து. நேர வித்தியாசத்தை ஒரு நிலையான எண்ணாக நிரலில் எழுதிவிடத் தோன்றும். நம் தீவே 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை கோடைகால நேரத்தைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டதை நினைத்துக்கொண்டு அதைச் செய்யவில்லை. நேரமண்டலங்களின் வரலாற்றையெல்லாம் வைத்திருக்கும் தரவுத்தளம் பைத்தானிலேயே கிடைக்கிறது. ஆனாலும் தளம் நேரத்தைத் தராமல் தேதியை மட்டும் தரும்வரை எந்த நிரலாலும் அதை மொரீஷியஸ் தேதியாக மாற்ற முடியாது. ஆகவே மாற்றுவதை நிறுத்திவிட்டு, அந்தப் புலத்தின் பெயரையே ‘தளம் சொல்லும் தேதி’ என்று மாற்றினேன். பக்கத்திலேயே ‘நாங்கள் பார்த்த நேரம்’ என்று இன்னொரு புலம், நம் நேரத்தில், ‘+04:00’ என்ற ஒட்டோடு.

புதிய வடிவம் மண்டபச் சுவரில் தெரியும்படி ஒரு பழைய திரையை மாட்டினோம். முதல் சனிக்கிழமையே மூன்று பெயர்களுக்கு எதிரே எண்ணுக்குப் பதிலாகத் ‘தெரியவில்லை’ என்று வந்தது. முந்தின இரவு பெருமழையில் எங்கள் தெருவுக்கு இணைப்பு அறுந்து போயிருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்து ‘பா கோனே’ என்று கூவினார்கள். அன்றிலிருந்து அந்தத் திரைக்கும் ஏபிஐக்கும் அதுவே பெயர். பெற்றோர்களும் குழுவில் ‘பா கோனே என்ன சொல்கிறது’ என்று எழுதுகிறார்கள்.

அந்த மூவரில் ஒருவன் கைபேசியைப் பறிகொடுத்த அதே பையன். கூச்சல் அடங்கிய பிறகு திரையின் அருகே வந்து நின்றான். வகுப்பில் அவன் தானாக வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

“சார், பா கோனே தெபி கான்?”

எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்டான். பதில் என்னிடம் இருந்தது, திரையில் இல்லை. அன்று மாலையே ‘கடைசியாகத் தெரிந்தது’ என்று ஒரு புலத்தைச் சேர்த்தேன், எண்ணும் அதைப் பார்த்த நேரமுமாக. அடுத்த வாரம் இணைப்பு மறுபடி போனபோது அவன் பெயருக்கு எதிரே, தெரியவில்லை, கடைசியாகத் தெரிந்தது 1,610, வியாழன் இரவு 2.01 என்று இருந்தது. அவன் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான்.